டென்டன் வீட்டு கேட்

ஹோலிஸ் டென்டனின் தபால் பெட்டிக்குள் அன்று ஒரு நோட்டீஸ்கூட நுழையவில்லை. தேர்தல் நெருங்கிவிட்டால் எங்கள் பள்ளத்தாக்கில் கடிதம் வருகிறதோ இல்லையோ, வழவழப்பான தாளில் வேட்பாளர்களின் பல்வரிசை வந்துவிடும். எல்லாத் தாளிலும் கொட்டை எழுத்தில் ஒரே சொல்தான்: சுதந்திரம். அவன் உங்கள் சுதந்திரத்தைப் பறிக்கப் பார்க்கிறான் என்று இவன் சொல்வான், இவனைப் பற்றி அவனும் அதையே சொல்வான். டென்டன் எதையும் படிக்கமாட்டார், ஆனால் அன்றன்றைக்கே எடுத்துப் போய்விடுவார். அடுப்புப் பற்றவைக்க நல்ல காகிதம் என்பார். நேற்றும் அதற்கு முந்தின நாளும் நான் போட்டவை அப்படியே கிடந்தன. ஜீப்பிலிருந்து கையை நீட்டி, புது நோட்டீஸ்களை அவற்றின்மேல் வைத்து அழுத்திப் பார்த்தேன். பெட்டியின் வாய் மூடவில்லை. அப்போதுதான் டென்டனைப் பற்றி யோசித்தேன்.

பெட்டிக்குப் பக்கத்தில் இரும்புக் கேட். சங்கிலி, பூட்டு. அதில் மூன்று பலகைகள். அத்துமீறாதே என்று ஒன்று. கேமரா கிடையாது, துப்பாக்கி உண்டு என்று ஒன்று. மூன்றாவதில் எழுத்தே இல்லை, துளைகள்தான் இருந்தன. எழுதிய இரண்டையும்விட அதுதான் நன்றாகப் புரியும். இந்த வழியில் பதினைந்து வருடமாகத் தபால் போடுகிறேன், ஒரு நாளும் அந்தக் கேட்டைத் தொட்டதில்லை. எங்கள் ஊர் வழக்கம் அப்படி. ஒருவரைப் பார்க்க வேண்டுமென்றால் கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்து, இரண்டு முறை ஹாரன் அடி, இறங்காதே, கை இரண்டும் ஸ்டியரிங்மேல் தெரியும்படி வைத்துக்கொள். ஆள் வந்தால் வந்தார். வராவிட்டால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போ. காத்திருக்கும்போதும் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது. அடுத்தவன் நிலத்தில் கண்ணை மேயவிடுவது இங்கே பெரிய மரியாதைக் கேடு.

இரண்டு முறை ஹாரன் அடித்தேன். கையை ஸ்டியரிங்மேல் வைத்துக்கொண்டு பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் வரவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போனேன்.

ஆனால் மனம் திரும்பவில்லை. என் தம்பி டேரல் ஒருமுறை பன்றிக்குட்டி வாங்கப் போய், வழி தவறி வேறொருவன் நிலத்துக்குள் வண்டியை விட்டுவிட்டான். அந்த ஆள் வாசலில் நின்றபடியே சுட்டான். குண்டு முழங்காலில் பாய்ந்தது. வழக்கு நடந்தது, ஜூரி பன்னிரண்டு பேரும் சுட்டவன்மேல் குற்றமில்லை என்று சொல்லிவிட்டார்கள். டேரல் இன்றைக்கும் நொண்டிக்கொண்டுதான் நடக்கிறான். கேட்டால், "அவன் இடம், அவன் உரிமை. ஹாரன் அடிக்காதது என் தப்பு" என்பான். அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் ஒரு தடவையாவது அவனை மறுத்துப் பேசினேனா என்றால் இல்லை. நானும் இதே மொன்டானா தண்ணீர் குடித்து வளர்ந்தவள்தானே.

லைலின் தீவனக் கடைக்குப் போனேன். லைல்தான் டென்டனுக்கு அடுத்த நிலத்துக்காரன். அவனுடைய மாடுகள் இரண்டு மூன்று வேலி தாண்டிப் போய், அவை மட்டும் சுடப்படாமல் திரும்பியிருக்கின்றன. அதனால் டென்டனுக்கு நண்பன் என்று ஊரில் அவனுக்குப் பெயர்.

"டென்டனப் பாத்தியா, லைல்?"

"பாக்கல. கேட்டேன்." தீவன மூட்டைமேல் உட்கார்ந்திருந்தவன் சிரித்தான். "முந்தாநாள் காலைல மூணு வெடி. சாயங்காலம் மறுபடி மூணு. பெருசு சுதந்திரத்தைக் கொண்டாடுதுன்னு என் பொண்டாட்டிகிட்ட சொன்னேன்."

அந்த வெடிகள் என் வீட்டுவரையும் கேட்டிருந்தன, எனக்கும் சிரிப்பு வந்தது. டென்டனின் துப்பாக்கி ஓயாது. காக்கைக்குச் சுடுவார், மேலே பறக்கிற டிரோனுக்குச் சுடுவார். அரசாங்க நில அளவைக்காரன் ஒருவன் வேலியோரம் கோல் நட்டபோது அவனுக்குத் தலைக்கு வந்தது தொப்பியோடு போயிற்று. சிரித்து முடித்ததும் பெட்டி விஷயத்தைச் சொன்னேன்.

"பெட்டி ரொம்பிக் கெடக்கு. எடுக்கவே இல்ல."

லைல் சிரிப்பை நிறுத்தினான். "ஷெரிபுக்குச் சொல்லலாம்னு பாக்கறியா?"

"பின்ன?"

"போன தடவை என்ன ஆச்சு, மறந்துட்டியா?"

மறக்கவில்லை. சியாட்டிலில் இருக்கிற டென்டனின் மகள், அப்பா போனையே வெட்டிவிட்டார், உயிரோடு இருக்கிறாரா என்று போய்ப் பாருங்கள் என்று ஷெரிப் அலுவலகப் போலீஸிடம் கேட்டிருந்தாள். அவர்கள் சங்கிலியை வெட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். டென்டன் சமையலறையில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தார். சங்கிலியை வெட்டியதற்காகக் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தும் விட்டார். அன்றைக்கு இந்தக் கடையில் எல்லாரும் அவர் பேரைச் சொல்லி பீர் குடித்தோம். மகளுக்கு விஷயம் சொன்னது மேட்டு வீட்டு ஆசிரியை என்று பிறகு தெரிந்தது. அந்த அம்மாளோடு அந்தக் குளிர்காலம் முழுக்க யாரும் பேசவில்லை. சர்ச்சில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் வேறு ஆள் உட்காரவில்லை. நானும்தான் உட்காரவில்லை.

"நான் உள்ள போய்ப் பாக்கறேன்" என்றேன். சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து வந்தது இது என்பதே எனக்கு உறைத்தது.

"வேலில போற ஓணான எடுத்து மடியில விட்டுக்காத, நடீன்."

"நீயும் வா."

"கேட்டு வரைக்கும் வரேன். அதுக்குமேல அது அவர் இடம்." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "எனக்குப் புள்ளைங்க இருக்கு."

எனக்கும் பிள்ளைகள் உண்டு. கடையைவிட்டு இறங்கி ஜீப்பில் ஏறினேன்.

கேட்டுக்குப் போய் மறுபடி ஹாரன் அடித்தோம். லைல் தன் பிக்கப்பிலிருந்து இறங்கவில்லை. தபால் துறைச் சட்டையோடு கேட்டில் காலை வைத்து ஏறினேன். உள்பக்கம் குதித்ததும் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டேன். வீடு மேட்டில் இருந்தது. முன்னால் சரிவு முழுக்க கணுக்கால் அளவு காய்ந்த புல். சன்னல் ஒன்றில் சூரியன் பட்டுப் பளபளத்தது, அதற்குப் பின்னால் ஆள் இருந்தாலும் தெரியாது. நான் சத்தம் போட்டுக்கொண்டே நடந்தேன். "மிஸ்டர் டென்டன், நான் நடீன். தபால்காரி. கையில ஒண்ணும் இல்ல." பத்தடிக்கு ஒரு தரம் இதையே சொன்னேன். குரல் யாருடையதோ மாதிரி வந்தது. ஒவ்வொரு அடி வைக்கும்போதும், இதோ இப்போது, இந்த அடியில், என்று வெடிச் சத்தத்துக்குக் காத்திருந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு பயந்ததில்லை. பிரசவத்தில்கூட இல்லை.

"நில்லு."

குரல் வீட்டிலிருந்து வரவில்லை. இடதுபுறம், மிக அருகில், தரையிலிருந்து வந்தது.

விறகு அடுக்கு சரிந்து கிடந்தது. அதன் அடியில் டென்டன். பெரிய பைன் கட்டை ஒன்று தொடைமேல் குறுக்கே விழுந்திருந்தது. அதற்குக் கீழே கால் போயிருந்த திசை மனிதக் கால் போகிற திசை இல்லை. விறகை மூடியிருந்த தார்ப்பாயை எட்டும்வரை இழுத்துப் போர்த்தியிருந்தார். முகத்தில் தாடி, மண், உலர்ந்த உதடு. மார்பின்மேல் துப்பாக்கி. அதன் வாய் என் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"யார் உன்னை உள்ள விட்டது?"

"யாரும் விடல. நானே ஏறிக் குதிச்சேன்."

"தப்பு."

"தப்புதான்" என்றேன். வேறென்ன சொல்வது?

இடுப்பில் செருகியிருந்த தண்ணீர் பாட்டிலை மெதுவாக, இரண்டு விரலால் எடுத்துக் காட்டினேன். துப்பாக்கி அசையவில்லை, ஆனால் அவர் கண் பாட்டிலுக்குப் போயிற்று. மண்டியிட்டு ஊட்டினேன். பாதி தாடியில் வழிந்தது. குடித்து முடித்ததும், கடன்பட்டுவிட்டவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். கட்டையை அசைக்கப் பார்த்தேன். முடியவில்லை. அவர் போட்ட சத்தத்தில் காக்கைகள் எழும்பின.

நான் எழுந்து நின்று கேட்டைப் பார்த்தேன். அங்கிருந்து கேட் அவ்வளவு தெளிவாகத் தெரியும் என்று நான் நினைத்திருக்கவில்லை. தபால் பெட்டி, அதன் திறந்த வாய், லைலின் வண்டி எல்லாம் தெரிந்தன. பேசினால் கேட்காது, கத்தினால் கேட்கும்.

"லைல்! கால் ஒடஞ்சு கெடக்காரு! சிக்னல் கெடைக்கற எடத்துக்குப் போய் ஆம்புலன்சுக்குப் போன் போடு!"

பிக்கப் புழுதி கிளப்பிக்கொண்டு போயிற்று. டென்டன் என்னை முறைத்தார்.

"யாரைக் கேட்டுக் கூப்பிட்ட?"

"செத்துப் போவீங்க."

"அது என் இஷ்டம்." மூச்சு வாங்கினார். "ஆம்புலன்ஸ் வரும். ஆஸ்பத்திரி. அப்புறம் எம்பொண்ணு வருவா. கையெழுத்துப் போட்டு முதியோர் இல்லத்துல தள்ளிடுவா. கட்டில்ல கம்பி வச்சிருப்பான். எப்ப திங்கணும், எப்ப பேளணும், எல்லாம் அவன் சொல்வான். இந்த இடத்தை வித்துடுவாங்க. நீ என்னைக் காப்பாத்தல, தபால்காரம்மா. புடிச்சுக் குடுத்துட்ட."

அது பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். துப்பாக்கியை வாங்கி வைக்க வேண்டும் என்று புத்தி சொன்னது. ஆனால் ஒருவர் கையிலிருந்து அவர் துப்பாக்கியைப் பிடுங்குவது எங்கள் ஊரில் அவர் மனைவியைக் கையைப் பிடித்து இழுப்பதற்குச் சமம். அதோடு எனக்குப் பயம். உண்மையான காரணம் அதுதான்.

"முந்தாநாளே விழுந்தீங்களா?" என்று கேட்டேன்.

"காலைல."

"சுட்ட சத்தம் எங்களுக்கெல்லாம் கேட்டுச்சு. லைலும் சொன்னான். நாங்க என்னமோன்னு..."

"வேட்டைக்குப் போனவன் வழி தப்பிட்டா என்ன செய்வான்?"

நான் பாட்டிலை மூடினேன்.

"சொல்லு. உங்கப்பன் உனக்குச் சொல்லிக் குடுக்கலையா?"

"மூணு சுடுவான்" என்றேன்.

"நான் எத்தன சுட்டேன்?"

பள்ளத்தாக்கில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் அது தெரியும். மூன்று வெடி, இடைவெளி விட்டு. காப்பாற்று என்று அர்த்தம். எங்கள் எல்லார் காதிலும் அது விழுந்திருந்தது. காலை உணவு மேசையில் கேட்டுவிட்டு, அவர் இடம், அவர் துப்பாக்கி என்று முட்டையைத் தின்றோம்.

"அது போவட்டும்" என்றார். "நேத்து நீ வந்த. பெட்டிகிட்ட வண்டி நிக்குது. நான் கையை ஆட்டறேன். தார்ப்பாயைப் புடிச்சு ஆட்டறேன். கத்த சத்தம் வரல. முந்தாநாளும் வந்த, அப்பவும் ஆட்டினேன். இன்னிக்குக் காலைலயும் ஹாரன் அடிச்ச. நீ தலையைத் தூக்கி இந்தப் பக்கம் பாக்கவே இல்ல."

"அடுத்தவங்க இடத்தைப் பாக்கக் கூடாதுன்னுதான், மிஸ்டர் டென்டன்."

"ஆமா" என்றார். அவர் குரலில் கோபமில்லை. "நல்ல வளர்ப்பு." பிறகு வானத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "யாரும் என்னை வந்து கேக்கக் கூடாதுன்னு நாப்பது வருஷம் பாடுபட்டேன். ஒருத்தனும் வரல."

நான் அழுதேன். அவர் அதைப் பார்க்காததுபோல் இருந்தார். அதுவும் எங்கள் ஊர் மரியாதைதான்.

சைரன் இல்லாமல்தான் ஆம்புலன்ஸ் வந்தது, பின்னால் ஷெரிப் அலுவலக வண்டி, அதன் பின்னால் லைல். கேட்டுக்கு வெளியே வரிசையாக நின்றன. இரண்டு முறை ஹாரன் கேட்டது. நான்கு பேர் இறங்கினார்கள். ஆம்புலன்ஸ் உடையில் ஓர் இளம்பெண்ணும் ஒரு பையனும், தொப்பியோடு ஒரு அதிகாரி, லைல். நான்கு பேரும் கைகளை மார்புக்கு நேராக விரித்துத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். யாரும் கேட்டைத் தொடவில்லை.

அதிகாரி இடது கையில் ஒலிபெருக்கியை எடுத்துப் பேசினார். "மிஸ்டர் டென்டன், உங்களுக்கு உதவி பண்ண வந்திருக்கோம். நீங்க சரின்னாதான் உள்ள வருவோம். சங்கிலியை வெட்ட மாட்டோம். மொதல்ல துப்பாக்கியைக் கீழ வைங்க."

டென்டன் துப்பாக்கியை மார்போடு இறுக்கிக்கொண்டார்.

"நீங்க வேணாம்னு சொன்னா அவங்க போயிடணும்" என்றேன். "சட்டம் அப்படித்தான். தெளிவா இருக்கிற ஆள் வேணாம்னா யாரும் தொட முடியாது. ஒரு வார்த்தை சொல்லுங்க. நானும் போயிடறேன்."

அவர் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் எழுந்து போய்விட வேண்டும். கேட்டேறிக் குதித்து, நாளை மறுபடி வந்து, அந்தப் பெட்டியில் நோட்டீஸை அழுத்திச் செருக வேண்டும். அவர் இங்கிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். இல்லையென்றால் பார்த்துக்கொண்டிருக்கமாட்டார். இரண்டில் எது எனக்கு அதிகப் பயம் தந்தது என்று தெரியவில்லை.

அவர் உதடு திறந்து மூடியது. முகம் சின்னப் பிள்ளையின் முகம்போல் கோணிற்று.

"எனக்குப் பயமா இருக்கு, தபால்காரம்மா."

"எனக்கும்தான்."

"அவங்க வந்தாலும் பயம். போனாலும் பயம்."

நான் அவர் தோளில் கை வைத்தேன். தள்ளிவிடவில்லை. கழுத்தைத் தரையிலிருந்து தூக்கிக் கொடுத்தார். சட்டைக்குள் ஒரு கயிறு, அதில் கேட்டின் சாவி. வேர்வையில் ஈரமாக இருந்தது. தலை வழியாகக் கழற்றினேன்.

"துப்பாக்கியையும் குடுத்துடுங்க."

"அது என்கிட்ட இருக்கட்டும்."

"அதுல குண்டு இருக்கா?"

"ஆறு போச்சு. ஒண்ண வச்சிக்கிட்டேன்."

"யாருக்கு?"

"மொதல்ல எனக்குன்னு வச்சேன்" என்றார். "இப்ப தெரியல."

"அவங்களைச் சுட்றாதீங்க, மிஸ்டர் டென்டன். சின்னப் பசங்க."

"தெரியலன்னு சொன்னேன்ல."

நான் எழுந்து நடந்தேன். வரும்போது முன்னால் இருந்த பயம் இப்போது முதுகில் இருந்தது. புல் காலில் உரசியது. சாவியை எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். ஓடினால் தப்பு, நின்றால் தப்பு, திரும்பிப் பார்த்தால் எல்லாவற்றையும்விடத் தப்பு என்று ஏதோ ஒன்று சொன்னது. கேட்டை நெருங்கியபோது பின்னால், துப்பாக்கியில் குண்டேற்றுகிற அந்த இரும்புச் சத்தம் கேட்டது. சிறிய சத்தம்தான், ஆனால் காற்றில்லாத வெளியில் இரும்பு தூரம் கேட்கும். எங்கள் ஊரில் அதைத் தெரியாத காது கிடையாது.

எதிரே நின்ற நான்கு பேரும் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தார்கள். அதிகாரியின் வலது கை மட்டும் மார்பிலிருந்து இறங்கி, மெதுவாக இடுப்பிலிருந்த துப்பாக்கியை உருவியது.

"குனிஞ்சுக்க, நடீன்" என்றான் லைல், உதடு அசையாமல்.

குனிந்திருக்கலாம். என் உடம்பு முழுக்க அதைத்தான் கேட்டது. ஆனால் நான் குனிந்துவிட்டால் அந்த இரண்டு துப்பாக்கிகளுக்கும் நடுவில் புல்லைத் தவிர வேறொன்றும் இருக்காது. பூட்டு இடுப்புக்குக் கீழே தொங்கியது. நான் நிமிர்ந்து நின்றபடியே, அதைப் பார்க்காமல், சாவியால் அதன் துவாரத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.